வயதான எஞ்சினுக்கு வார்க்கும் எண்ணெய்

பழைய மோட்டார் வண்டியை வைத்துக் காப்பாற்றி வருபவர்களுக்கு எண்ணெய் விஷயத்தில் உபதேசம் செய்வோர் இரண்டு கட்சியினர். பட்டறையிலேயே தலை நரைத்த மேஸ்திரி, “வண்டிக்கு வயசாயிடுச்சு, ஆயிலைக் கனமா ஊத்துங்க சார், புகையும் நிக்கும், சத்தமும் அடங்கும்” என்பார். உதிரிச் சாமான் கடைக்காரரோ அலமாரியில் விலை அதிகமான டப்பாவைச் சுட்டிக்காட்டி, “முழு சிந்தெடிக், இதைவிட ஒசத்தி கிடையாது” என்பார். இரண்டு பேச்சிலும் உண்மை சிறிது உண்டு. ஆனால் இருவருமே கேட்கத் தவறுகிற கேள்வி ஒன்றும் உண்டு: அந்த எஞ்சின் எந்த வகையில் பழையது? பழைய காலத்து அமைப்பை உடையதா, அல்லது ஓடி ஓடித் தேய்ந்து போனதா? 1960-ஆம் வருஷத்து அம்பாஸடர் ஒன்று, அண்மையில் போர் அடித்து, கிராங்கைக் கடைந்து, பேரிங்குகளைப் புதிதாகப் போட்டுச் செப்பனிடப்பட்டிருக்குமானால், அது அமைப்பினால் முதியதே தவிர, தேய்மானத்தினால் முதியதன்று. 2005-இல் வாங்கிய சிறிய கார் ஒன்று இரண்டரை லட்சம் கிலோமீட்டர் ஓடி வால் வழியே நீலப் புகை கக்குமானால், அது அமைப்பினால் இளையது, தேய்மானத்தினால் கிழம். இவ்விரண்டையும் ஒன்றாகப் பாவித்து ஒரே எண்ணெயைச் சிபாரிசு செய்வதிலிருந்துதான் இந்த விஷயத்தில் உள்ள குழப்பங்களில் பெரும்பாலானவை உற்பத்தியாகின்றன.

எண்ணெய் செய்யும் காரியம் என்ன என்று கேட்டால், இரும்பை வழுக்கச் செய்வது என்று சாமானியமாக விடை சொல்லிவிடுவோம். அது போதாது என்பதை முதன்முதலில் பிரத்தியட்சமாகக் காட்டியவர் பீச்சம்ப் டவர் என்ற ஆங்கிலேய எஞ்சினியர். இரயில் வண்டிகளின் அச்சுத் தாங்கிகளில் உராய்வு எவ்வளவு என்று அளப்பதற்காக 1880-களின் தொடக்கத்தில் அவர் பரீட்சைகள் நடத்தி வந்தபோது, எண்ணெய் விடுவதற்காகத் தாங்கியின் உச்சியில் துளைத்திருந்த துவாரத்தின் வழியாக, உள்ளே போக வேண்டிய எண்ணெய் வெளியே பொங்கி வரக் கண்டார். துவாரத்தை அடைத்து வைத்தார். அடைப்பு தானாகவே மெல்ல மெல்ல வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானி ஒன்றைப் பொருத்திப் பார்த்தபோது, தாங்கியின் மீது சுமத்தியிருந்த சராசரிப் பாரத்தைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் அந்த இடத்தில் எண்ணெய்க்குள் இருப்பது தெரியவந்தது. சுழலும் அச்சு தன்னோடு எண்ணெயையும் இழுத்துக்கொண்டு போய், வரவர ஒடுங்குகின்ற இடைவெளிக்குள் ஆப்புப் போலச் செருகுகிறது என்பதும், அவ்வாறு செருகப்பட்ட எண்ணெய்ப் படலத்தின் மேல் அச்சு மிதக்கிறதே ஒழிய உலோகத்தின் மேல் உட்கார்ந்திருப்பதில்லை என்பதும், 1886-இல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற பேராசிரியர் கணித வாயிலாக நிரூபித்த உண்மைகள். அந்தப் படலத்தின் கனத்தைத் தீர்மானிப்பவை மூன்று: அச்சின் வேகம், அதன் மேல் உள்ள பாரம், எண்ணெயின் பாகுத்தன்மை. முதல் இரண்டும் வண்டி ஓட்டுகிறவரின் காலுக்கும் எஞ்சினைச் செய்தவருக்கும் கட்டுப்பட்டவை. டப்பா வாங்குகிறவர் கையில் இருப்பது மூன்றாவது ஒன்றுதான்.

அந்தப் பாகுத்தன்மையோ உஷ்ணத்துக்கு ஆட்பட்டது. 20டபிள்யூ-50 என்று டப்பாவில் அச்சிட்டு விற்கப்படும் எண்ணெயை எடுத்துக்கொண்டால், 40 டிகிரி செல்சியஸில் அதன் பாகுத்தன்மை ஏறக்குறைய 160 சென்டிஸ்டோக்காக இருக்கும். ஓடிச் சூடேறிய எஞ்சினின் 100 டிகிரியில் அதுவே 18-க்கு இறங்கிவிடும். எஸ்.ஏ.இ. என்னும் அமெரிக்க மோட்டார் எஞ்சினியர் சங்கத்தார் 1911 முதல் எண்ணெய்களுக்கு இட்டுவரும் எண்கள் இந்தப் பாகுத்தன்மையைக் குறிப்பவையே அன்றி, தரத்தைக் குறிப்பவை அல்ல. இன்றைய கணக்கின்படி 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை உள்ளது 30-ஆம் எண், 12.5 முதல் 16.3 வரை 40-ஆம் எண். அதற்கு மேல் 21.9 வரை 50-ஆம் எண். ‘டபிள்யூ’ சேர்ந்த முன் எண் குளிர்காலத்தில் எஞ்சினைக் கிளப்புவதற்குரியது. 20டபிள்யூ எண்ணெய், பூஜ்யத்துக்குக் கீழ் 15 டிகிரியில் எஞ்சினைச் சுழல விடுகிறதா என்று சோதிக்கப்படுகிறது. மார்கழி விடியற்காலையிலும் 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வமான சென்னையில் வாழ்கிறவர், உறைபனி விழும் உதகமண்டலத்துக்கே குடிபோனாலும், அந்தச் சோதனையின் எல்லையை எட்டப்போவதில்லை. ஆகையால் வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ளவர்கள் முன் எண்ணைக் குறித்துப் படும் கவலை நமக்கு இல்லை. காலையில் கிளப்பியவுடன் எண்ணெய் மேலே போய்ச் சேரச் சில கணங்கள் முந்துகிறதா, பிந்துகிறதா என்ற அளவில்தான் அதன் முக்கியத்துவம்.

ஒரே எண்ணெய்க்கு இரண்டு எண்கள் எப்படி வாய்த்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெல்லிய எண்ணெய் ஒன்றில் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைக் கொண்ட பாலிமர்களைக் கரைத்து விடுகிறார்கள். குளிரில் நூற்பந்து போலச் சுருண்டு கிடக்கும் அவை, சூடு ஏற ஏறப் பிரிந்து விரிந்து, எண்ணெய் நீர்த்துப் போகாதபடி தடுக்கின்றன. இதில் ஒரு குறையும் உண்டு: பற்சக்கரங்களுக்கு இடையே அகப்பட்டால் இந்தச் சங்கிலிகள் அறுந்து போகின்றன, அறுந்தவை மறுபடி சேர்வதில்லை. 1959-இல் வெளிவந்த மினி என்ற பிரிட்டிஷ் காரில், எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் ஒரே எண்ணெய் என்று ஏற்பாடு செய்திருந்ததனால், நல்ல எண்ணெய்கூடச் சீக்கிரத்தில் சத்து இழந்து வந்தது. எஞ்சினும் கியரும் ஒன்றாக அமைந்த மோட்டார் சைக்கிள்களில், டப்பாவின் மேல் எழுதியிருக்கும் 50 என்ற எண் சில ஆயிரம் கிலோமீட்டரில் 40 ஆகிவிடுவதும் இதே காரணத்தால்தான்.

இனி அமைப்பினால் பழைய எஞ்சினுக்கு வருவோம். நம் தேசத்தில் இதற்குத் தக்க உதாரணம், வங்காளத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் 1950-களின் பிற்பகுதி தொடங்கி 2014 வரையில் செய்யப்பட்ட அம்பாஸடர். அதன் வாழ்நாளில் பெரும்பகுதி அதைச் சுமந்தது, பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் வகுத்த 1489 கன சென்டிமீட்டர் எஞ்சின். கிராங்கை மூன்றே பேரிங்குகள் தாங்குகின்றன. காம் தண்டு சிலிண்டர் பிளாக்கின் பக்கவாட்டில் இருந்துகொண்டு, டேப்பட்டுகளையும் நீண்ட தள்ளுகோல்களையும் கொண்டு மேலே உள்ள வால்வுகளைத் திறக்கிறது. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே விடப்படும் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கை ஒட்டியது. பட்டறைப் பேச்சில் இரண்டு தவ். இதைவிட விசேஷமானது அந்தக் கிராங்கின் பின்முனை. இக்காலத்து எஞ்சின்களில் அந்த இடத்தில் எண்ணெய் வெளியேறாதபடி ரப்பர் உதட்டுச் சீல் ஒன்று தண்டைக் கவ்விக்கொண்டிருக்கும். இந்த எஞ்சினில் சீலே கிடையாது. தண்டின் மேலேயே ஆழமில்லாத திருகுச் சால் ஒன்றை வெட்டி வைத்திருக்கிறார்கள். தண்டு சுழலும்போது அந்தச் சால், வெளியே வழியப் பார்க்கும் எண்ணெயைத் திருகித் திருகி, சேம்பர் எனப்படும் அடி எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே திருப்பி அனுப்புகிறது. சுழற்சி நின்றால் தடுப்பும் நின்றது. அம்பாஸடர் நிற்கும் கொட்டகையில் தரை கறைபடாமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். எண்ணெயே இல்லாமல் போய்விட்டதோ என்று சந்தேகிப்பதுகூட நியாயமே!

இப்படிப்பட்ட அமைப்பில், இன்று புதிய கார்களுக்கு விதிக்கப்படும் 0டபிள்யூ-20 எண்ணெயை வார்த்தால் என்ன ஆகும்? அந்த எண்ணெயில் குற்றம் ஒன்றுமில்லை. நுண்ணிய இடைவெளிகளும், அதிக அளவு எண்ணெயைத் தள்ளும் பம்பும், உருளை பொருத்திய வால்வு நெம்புகோல்களும் உள்ள எஞ்சினுக்காக, பெட்ரோலை மிச்சப்படுத்தும் பொருட்டு உண்டாக்கப்பட்டது அது. இரண்டு தவ் இடைவெளியில் அதன் படலம் மெலிந்துவிடும். திருகுச் சாலினால் அதைப் பிடித்து நிறுத்தவும் முடியாது. ஆகவே அந்த எஞ்சினுக்கு 20டபிள்யூ-50 அல்லது 15டபிள்யூ-40 என்பதே, எஞ்சினை வகுத்தவர்களின் கருத்துக்கு இசைந்தது. ஆனால் 1992-க்குப் பிறகு இஸுஸு 1.8 லிட்டர் எஞ்சினுடன் வந்த அம்பாஸடர், முகம் ஒன்றானாலும் உள்ளே வேறு பிறவி. காம் தண்டு தலைக்கு மேல் ஏறிவிட்டது. கொட்டகையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், ஒன்றின் கைப்புத்தகத்தைக் கொண்டு மற்றதற்கு எண்ணெய் நிர்ணயம் செய்யக் கூடாது.

தேய்மானத்தினால் கிழமான எஞ்சினின் சங்கதி வேறு. இங்கேதான் மேஸ்திரியின் ‘கனமான ஆயில்’ என்ற வாக்கைச் சற்று நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது. ஒடுங்கிய இடைவெளியில் திரவம் எவ்வளவு வேகமாகக் கசியும் என்பது, இடைவெளியின் மூன்றாம் படியை அநுசரித்தது என்பது திரவ சாஸ்திரத்தின் பழைய தீர்ப்பு. பேரிங்கின் இடைவெளி ஒன்றரை மடங்கானால் கசிவு சுமார் மூன்றரை மடங்காகும். இரு மடங்கானால் எட்டு மடங்காகும். 40-ஆம் எண் எண்ணெயை விட்டு 50-க்குப் போவதால் நமக்குக் கிடைக்கும் பாகுத்தன்மை மிகுதி கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை. அதற்கு மேல் இல்லை. எட்டு மடங்கு நஷ்டத்தைக் கால் மடங்கு லாபத்தால் ஈடுகட்டுவது எங்ஙனம்? சிறிதளவே தேய்ந்த எஞ்சினில் ஒரு படி கனமான எண்ணெய் நிச்சயமாக உபகாரம் செய்யும்; பிஸ்டன் வளையங்களைத் தாண்டி மேலேறி எரிகிற எண்ணெயின் அளவைக் கொஞ்சம் குறைக்கும்; டேப்பட் சத்தத்தைக் கொஞ்சம் மழுக்கும். அதிகமாகத் தேய்ந்த எஞ்சினிலோ அது சத்தத்தை மறைக்குமே தவிர, தேய்மானத்தை நிறுத்தாது. சத்தம் அடங்கிய சந்தோஷத்தில் இன்னும் ஒரு வருஷம் ஓட்டிவிட்டு, பேரிங்கை மாத்திரம் மாற்றியிருந்தால் போதும் என்ற நிலையிலிருந்து, கிராங்கையே கடைய வேண்டும் என்ற நிலைக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர்.

அழுத்தமானியின் முள்ளைப் பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. காலையில் கிளப்பியவுடன் முள் உச்சிக்குப் போய் நிற்பதைப் பார்த்து, கனமான எண்ணெய் வெகு நன்றாக வேலை செய்கிறது என்று பலர் திருப்தி அடைகிறார்கள். முள் காட்டுவது எண்ணெய் செல்லும் அளவையன்று. அது செல்வதற்கு உண்டாகும் தடையை. ஆறிக் கிடக்கும் கனத்த எண்ணெய் குழாய்களில் நகர மறுக்கும்போது அழுத்தம் ஏறுகிறது. ஓர் எல்லையைத் தாண்டியதும் விடுவிப்பு வால்வு திறந்து, பம்பு தள்ளிய எண்ணெயில் ஒரு பகுதி பேரிங்கை எட்டிப்பார்க்காமலேயே சேம்பருக்குத் திரும்பிவிடுகிறது. அந்தச் சமயத்தில் முள் உயர்ந்திருப்பதும் காம் தண்டு காய்ந்திருப்பதும் ஏககாலத்தில் நடக்கக் கூடியவை. எண்ணெய் பொருத்தமானதுதானா என்று அறிய விரும்புகிறவர் பார்க்க வேண்டிய வேளை, வெயிலில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, எஞ்சின் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் வேளை. அப்போதும் கைப்புத்தகம் சொல்லும் அளவு அழுத்தம் இருக்குமானால், மேலும் கனமான எண்ணெய்க்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

பாகுத்தன்மையோடு விஷயம் முடிந்துவிட்டதென்றால் இதைக் கட்டுரையாக எழுத வேண்டியதில்லை. ரெனால்ட்ஸின் எண்ணெய் ஆப்பு எட்டாத இடம் ஒன்று ஒவ்வொரு பழைய எஞ்சினிலும் இருக்கிறது. காம் தண்டின் மேட்டு முனையும், டேப்பட்டின் தட்டையான அடிப்பாகமும் ஒன்றையொன்று தொடுகிற இடம் அது. பார்வைக்குத் தட்டையாகத் தோன்றும் டேப்பட்டின் அடி, உண்மையில் கண்ணுக்குத் தெரியாத அளவில் குவிந்திருக்கிறது. காமின் முகமும் துளி சாய்வாகக் கடையப்பட்டிருக்கிறது. இந்தச் சூக்ஷ்மமான சாய்வினால், ஒவ்வொரு தடவை மேலே தள்ளப்படும்போதும் டேப்பட் தன் அச்சில் சிறிது சுழன்று, தேய்மானத்தை முகம் முழுவதும் பங்கிட்டுக்கொள்கிறது. தொடும் பரப்போ ஊசிமுனைக் கோடு அளவுதான். வால்வு வில்லின் முழுப் பலமும் அந்தக் கோட்டின் மேல் இறங்குகிறது. எவ்வளவு கனமான எண்ணெயும் அங்கே பிதுக்கப்பட்டு வெளியேறிவிடுகிறது. அந்த இடத்தில் உலோகத்தைக் காப்பாற்றுவது, எண்ணெயில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலந்துள்ள ஓர் இரசாயனப் பொருள்.

துத்தநாகம், கந்தகம், பாஸ்பரஸ் மூன்றும் சேர்ந்த அந்தப் பொருளுக்கு ஜிங்க் டைஆல்கைல் டைதயோபாஸ்பேட் என்று பெயர். பட்டறைகளில் சுருக்கமாக ‘ஜிங்க்’ என்று சொல்லிவிடுகிறார்கள். 1940-களில் எண்ணெய் கெட்டுப்போகாமல் இருக்கவும், பேரிங்குகளை அமிலம் அரிக்காமல் இருக்கவும் சேர்க்கப்பட்ட இப்பொருள், தேய்மானத்தைத் தடுக்கும் குணமும் தனக்கு உண்டு என்பதைப் பின்னால்தான் வெளிப்படுத்தியது. உஷ்ணமும் உராய்வும் ஒருங்கே கூடுகிற இடத்தில் மட்டும் இது சிதைந்து, இரும்பின் மேல் பாஸ்பேட் கண்ணாடிப் படலமாகப் படிகிறது. அதன் கனம் சுமார் 100 நானோமீட்டர். தலைமயிரின் கனத்தில் ஐந்நூறில் ஒரு பங்கைக்கூட எட்டாது. தேய்வது அந்தப் படலந்தான். தேயத் தேய எண்ணெயிலிருந்து மறுபடியும் படிந்துகொள்கிறது. சொல்லப்போனால் பழைய எஞ்சினின் காம் தண்டு எண்ணெயினால் பிழைப்பதில்லை, எண்ணெயில் இருக்கும் பாஸ்பரஸினால் பிழைக்கிறது.

இந்தப் பாஸ்பரஸுக்குப் பகையாக வந்தது புகை சுத்திகரிக்கும் வினையூக்கிப் பெட்டி. அமெரிக்காவில் 1975-ஆம் வருஷ மாடல் கார்களிலும், இந்தியாவின் நான்கு மாநகரங்களில் 1995 முதல் விற்ற புதிய பெட்ரோல் கார்களிலும் அது இடம்பெற்றது. எரிந்த எண்ணெயோடு வெளியேறும் பாஸ்பரஸ், பெட்டிக்குள் உள்ள பிளாட்டினத்தையும் பல்லேடியத்தையும் மூடிச் செயலிழக்கச் செய்தது. எனவே அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனமாகிய ஏ.பி.ஐ.யின் தரவரிசை எஸ்.எஃப்., எஸ்.ஜி., எஸ்.ஜே. என்று எழுத்து எழுத்தாக ஏறியபோது, பாஸ்பரஸின் அளவு படிப்படியாக இறங்கியது. 2004-இல் வந்த எஸ்.எம். வகுப்பில், நூற்றுக்கு 0.08 பங்குக்கு மேல் கூடாது என்று விதி செய்தார்கள். இதைக் கேட்டுப் பழைய கார் வைத்திருக்கும் அமெரிக்கர்கள் கலங்கினார்கள். அந்தக் கலக்கம் கடல் கடந்து நம்மிடமும் வந்து, ‘புதிய எண்ணெயில் ஜிங்க் இல்லை, பழைய எஞ்சின் பாழாய்ப் போகும்’ என்ற பேச்சாக உலவுகிறது. ஆனால் விதியை முழுவதும் படித்துப் பார்த்தவர்கள், அந்த உச்சவரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 முதலிய மெல்லிய எண்ணெய்களுக்கே விதிக்கப்பட்டது என்பதை அறிவார்கள். 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40 ஆகியவை, எரிபொருள் சிக்கன முத்திரை பெறாத வரையில், அந்த வரம்புக்கு உட்பட்டவை அல்ல. நம் உஷ்ணத்துக்கும் நம் பழைய எஞ்சின்களுக்கும் ஏற்ற எண்ணெயே அந்த விதிக்கு வெளியே நிற்பது நமக்கு வாய்த்த அநுகூலம். என்றாலும் வரம்பு இல்லை என்பதனாலேயே பாஸ்பரஸ் மிகுதியாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது; ஒரே சேர்மானத்தை எல்லா எண்ணெய்களிலும் கலந்துவிடும் உற்பத்தியாளர்களும் உண்டு. எண்ணெயின் தொழில்நுட்பத் தாளைக் கேட்டு வாங்கி, பாஸ்பரஸ் 0.10 முதல் 0.12 பங்கு வரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே நேரான வழி.

இந்த அளவை எளிதில் அடைய லாரிக்காரர்களின் டீசல் எண்ணெயை வாங்கலாமே என்று யோசிப்பவர்களும் இருக்கிறார்கள். சி.எச்.-4, சி.ஐ.-4 முத்திரையுள்ள 15டபிள்யூ-40 எண்ணெயில் ஜிங்க் தாராளமாக உண்டு, டப்பாவில் எஸ். வரிசை எழுத்தும் சேர்ந்து அச்சிட்டிருக்குமானால், அம்பாஸடர் போன்ற நிதானமான பெட்ரோல் எஞ்சினுக்கு அதனால் கெடுதி இல்லை. ஆனால் டீசல் புகைக்கரியைச் சமாளிக்கச் சேர்த்த அழுக்கு நீக்கிகள், இரும்பின் பரப்பில் இடம் பிடிப்பதற்கு ஜிங்கோடு போட்டியிடுகின்றன. எண்ணெய் குடிக்கிற எஞ்சினாக இருந்தால், அவற்றின் சாம்பல் பிஸ்டன் தலையில் படிகிறது. ஜிங்க் மிகுந்த சிறு புட்டியைத் தனியே வாங்கி ஊற்றுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கெமிஸ்டுகள் நிறுத்துப் பார்த்துச் சேர்த்த கலவையைக் கைக்கு வந்தபடி மாற்றுவது அது. அளவு மிஞ்சினால் அரிப்பும் உண்டாகும். அம்பாஸடரின் வால்வு வில்கள் மென்மையானவை; ஏறக்குறைய 50 குதிரைத்திறன் தரும் அந்த எஞ்சின், பந்தயக் காரின் எண்ணெய்க்காக ஏங்கிக்கொண்டிருக்கவில்லை.

அழுக்கு நீக்கிகளைக் குறிப்பிட்டதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல வருஷங்கள் மட்டமான எண்ணெயில் ஓடி, வால்வு மூடியைக் கழற்றினால் கறுப்புக் களிம்பு அப்பிக் கிடக்கும் எஞ்சினில், திடீரென்று சலவை குணம் மிகுந்த எண்ணெயை வார்த்தால், களிம்பு கட்டி கட்டியாகப் பெயர்ந்து, பம்பின் உறிஞ்சு வலையை அடைத்துவிடக் கூடும். டீசல் ஊற்றிக் கழுவும் பட்டறை வழக்கம் இதைவிட அபாயமானது. அத்தகைய எஞ்சினுக்குச் சாதாரண நல்ல எண்ணெயையே வார்த்து, முதல் இரண்டு மூன்று தடவை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை ஃபில்டரோடு மாற்றிவிடுவது உத்தமம். எண்ணெய் சீக்கிரம் கறுக்கிறதே என்று அப்போது வருந்த வேண்டாம். அழுக்கு எஞ்சினை விட்டு எண்ணெய்க்கு இடம் மாறியிருக்கிறது என்பதற்கு அதுதான் அத்தாட்சி.

சிந்தெடிக் எண்ணெய் பழைய எஞ்சினில் ஒழுகும் என்ற பேச்சுக்கும் ஓர் ஆதாரம் உண்டு. மணலி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களில் கச்சா எண்ணெயிலிருந்து எடுக்கப்படும் சாதாரண மசகெண்ணெய்களில் உள்ள சில பொருள்கள் ரப்பரைச் சிறிது உப்பச் செய்து, சீலை இறுக்கமாக வைத்திருக்கின்றன. முதன்முதல் வந்த செயற்கை எண்ணெய்களில் அப்பொருள்கள் இல்லாமையால் சீல்கள் சுருங்கின. பின்னர் எஸ்டர்களைச் சேர்த்து அக்குறையைப் போக்கிவிட்டார்கள். இன்று சிந்தெடிக்கில் ஒழுகும் எஞ்சின், அனேகமாக ஏற்கெனவே விரிசல் கண்ட சீலும், காய்ந்துபோன தக்கை கேஸ்கட்டும் உள்ளதாகவே இருக்கும். ஆனாலும் வருஷத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டிக்கு அவ்வளவு விலை கொடுப்பதில் அர்த்தமில்லை. நீண்ட தூரம் மாற்றாமல் ஓட்டுவதற்கென்று ஏற்பட்ட எண்ணெயை, தூரமே ஓடாத வண்டிக்கு வாங்குவானேன்?

ஏனெனில் அப்படிப்பட்ட வண்டிகளில் எண்ணெயைக் கெடுப்பது ஓட்டம் அன்று, ஓய்வு. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மாத்திரம் வெளியே வரும் கார், சேம்பர் முழுச் சூடு அடைவதற்குள் வீடு திரும்பிவிடுகிறது; எரிபொருள் எரிந்து உண்டாகும் நீராவி உள்ளேயே குளிர்ந்து எண்ணெயோடு கலக்கிறது; எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் உட்புறம் மோர் நிறத்தில் நுரை படிந்திருப்பது அதன் விளைவு. சோக்கை இழுத்துக் கிளப்பும் கார்புரேட்டர் எஞ்சினில், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே கீழிறங்குகிறது. காம் தண்டினால் இயங்கும் பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்துவிட்டாலோ, பெட்ரோல் நேராகச் சேம்பருக்கே போய்ச் சேரும். எண்ணெய் அளவு குறைந்தால் பதறுகிறவர்கள், கூடினால் பதறுவதில்லை. அதற்குத்தான் அதிகம் பதற வேண்டும். டிப் ஸ்டிக்கை உருவி மூக்கருகே கொண்டுபோய், பெட்ரோல் வாசனை அடிக்கிறதா என்று பார்ப்பது எந்த ஆய்வுக்கூடமும் தேவைப்படாத பரீட்சை. இத்தகைய வண்டிகளுக்குக் கிலோமீட்டர் கணக்கை மறந்துவிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெயை மாற்றிவிட வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் பழமையைப் போற்றுவோர் பலரும் வைத்திருப்பது, 1955 முதல் சென்னையில் கட்டப்பட்டு வரும் புல்லட். அதன் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில், எஞ்சினுக்கு ஓர் எண்ணெய், கிளட்சும் செயினும் ஓடும் பெட்டிக்கு ஓர் எண்ணெய், கியர்ப் பெட்டிக்கு ஒன்று என்று மூன்றும் தனித்தனியே இருப்பதால், எஞ்சினுக்குக் காருக்குரிய 20டபிள்யூ-50 எண்ணெயை வார்ப்பதில் தடையில்லை. மூன்றையும் ஒன்றாக்கி 2008-ஐ ஒட்டி வந்த புதிய எஞ்சினிலோ கிளட்ச் அதே எண்ணெயில் நனைகிறது, உராய்வைக் குறைக்கும் பொருள்கள் சேர்ந்த கார் எண்ணெயை அதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும், டப்பாவில் ஜே.ஏ.எஸ்.ஓ. எம்.ஏ. என்ற ஜப்பானிய முத்திரை இருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

பழைய புல்லட்டில் இன்னொரு விசித்திரமும் உண்டு. எண்ணெய் இருக்கும் அறை வேறு, கிராங்க் சுழலும் அறை வேறு. ஒரு பம்பு எண்ணெயைக் கொடுக்க, மற்றொரு பம்பு அதைத் திருப்பி வாங்குகிறது. வண்டி சில வாரங்கள் நின்றுவிட்டால், தேய்ந்த பம்பின் வழியாக எண்ணெய் மெல்ல மெல்லக் கிராங்க் அறைக்குள் இறங்கிவிடுகிறது. எண்ணெய் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு சீக்கிரம் இறங்கும். உரிமையாளர் வந்து டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்து, எண்ணெய் காணாமல் போய்விட்டதென்று அரை லிட்டர் ஊற்றுகிறார்; கிளப்பியதும் இறங்கியிருந்த எண்ணெயும் மேலே வந்து சேர, அறை நிரம்பி வழிந்து, தெருவே மறையும்படி புகை கிளம்புகிறது; எஞ்சின் போய்விட்டது என்று பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போகிறார். நின்றிருந்த புல்லட்டை முதலில் கிளப்பி, ஐந்து நிமிஷம் நிதானமாக ஓடவிட்டு, திரும்ப வேண்டிய எண்ணெய் எல்லாம் அறைக்குத் திரும்பியபின் நிறுத்திவிட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும். அப்போதும் குறைந்திருந்தால் மாத்திரமே டப்பாவைத் திறக்க வேண்டும்.